ஐந்தாவது இடமே போதும்

கிளியூர்,
ஏற்காடு.
ஆனி மாதக் கடைசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் இளவரசிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் குழந்தையும் ரொனால்டும் அப்படியே இருக்க வேண்டுமென்று நம்ம மலைச்சாமி சேர்வராயனை நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்திருக்கிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுசன் எதற்குக் கடுதாசி எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய். போனில் நான் ம், சரி, வெச்சிரட்டுமா என்ற மூன்றுக்கு மேல் பேசினதில்லை, அது உனக்கே தெரியும். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்தால் அந்த மூன்றும் வராது. மூன்று வருஷமாக நமக்குள் கிடக்கிற ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதற்கு வந்து சேருவதற்குள் கொஞ்சம் சுற்றுவேன், பொறுத்துக்கொள். எழுதினதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி நந்தினியிடம் கொடுத்திருக்கலாம், நம்ம டென்ட் கேம்ப் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண், நல்ல பெண்தான், ஆனால் அனுப்புவதற்கு முன்னால் படித்துவிடுவாள். அதனால் தபாலில் போடுகிறேன். போஸ்ட் ஆபீஸில் கேட்டதற்குப் பதினைந்து நாள், இருபது நாள் ஆகும் என்றார்கள். செப்டம்பரில் நாம் தங்கப்போகிற இடத்தை ஆகஸ்ட் கடைசிக்குள் புக் பண்ணினால் போதும் என்று நீ சொன்னதால் எனக்கு அவசரமில்லை.

விசா வந்ததிலிருந்து உன் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முழங்கால் வலி என்று மாதம் ஒரு தடவை சேலம் டாக்டரிடம் இருபது வளைவும் பஸ்ஸில் இறங்கி ஏறினவள், இப்போது கேட்டால் வலியே இல்லை என்கிறாள். பாஸ்போர்ட் இரண்டையும் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறாள், எலி கடிக்காதாம். புள்ள ஊட்டுக்கு வெறுங்கையோட போறதுங்களா என்று தினமும் ஒரு சாமான் சேர்க்கிறாள், நான் தினமும் ஒன்றை எடுத்துப் போடுகிறேன். தானியம், விதை, ஊறுகாய் என்று எதைக் கொண்டு போனாலும் அங்கே ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நந்தினி சொன்னதை அவள் நம்பவில்லை. என்னத்துக்குப் பிடுங்குவாங்களாம், அவிங்க உண்ண மாட்டாங்களாமா என்கிறாள். மாட்டைச் சித்தன் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டு வருவதாகப் பேசியாகிவிட்டது. செப்டம்பரில் இங்கே மழை, கேம்புக்கு ஆள் வரத்து குறைவு, காப்பிப் பழம் பறிக்க இன்னும் மூன்று மாதம் கிடக்கும், அதனால் முதலாளியும் லீவுக்கு முகம் சுளிக்கவில்லை.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பெர்த் ஊரைச் சுற்றி இப்படி ஐந்து இடம் இருக்கிறது, ஆறு நாள் எல்லோரும் சேர்ந்து தங்கலாம், எது பிடிக்கிறது சொல்லுங்கள் என்று நீ அனுப்பின படங்களை நந்தினி கலரில் பிரிண்ட் போட்டு, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் படித்தும் சொன்னாள். அங்கே இதற்கு ஹாலிடே பார்க் என்று பெயராம், டென்ட்டும் போடலாம், வண்டியோடும் தங்கலாம், மரத்தில் செய்த கேபினும் உண்டாம். பேரைக் கேட்டு என்னவோ ஏதோ என்று நினைத்தேன், பார்த்தால் நம்ம கேம்ப்தான், கொஞ்சம் சுத்தமாக இருக்கிறது. பதினோரு வருஷமாக இந்த மலையில் யார் யாருக்கோ படுக்க இடம் பார்த்துக் கொடுக்கிறேன், பெற்ற மகளுக்குப் பார்க்க மாட்டேனா. நான் டென்ட்டுக்கு இடம் பார்ப்பது உனக்குத் தெரியும், வெயிலில் பார்க்க மாட்டேன். நல்ல மழை விட்ட மறுநாள் காலையில் போய் நிற்பேன். தண்ணீர் எங்கே ஓடியது, எங்கே தேங்கியது, அட்டை எந்தப் பக்கம் ஏறுகிறது, காட்டெருமை எந்த வழியாக இறங்கியது எல்லாம் தெரிந்துவிடும். முதலாளி வியூ, வியூ என்று பள்ளத்தின் விளிம்புக்கே போவார். வியூ பாக்கறது ஒரு மணி நேரமுங்க, படுக்கறது பத்து மணி நேரமுங்க என்று சொல்லித்தான் அவரை இந்தப் பக்கம் இழுத்து வந்தேன். உன் படத்தில் மண்ணை மிதித்துப் பார்க்க முடியாது, கண்ணில் பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது, வடக்கே கடலை ஒட்டினது. நீச்சல் குளம், சறுக்குமரம், குழந்தைகள் ஏறிக் குதிப்பதற்குக் காற்றடைத்த பெரிய மெத்தை, என்னென்னவோ இருக்கிறது. உன் அம்மா மெத்தையைப் பார்த்துவிட்டு இதையே எடுக்கச் சொன்னாள். நான் மரத்தைப் பார்த்தேன். இருக்கிற மரம் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருக்கிறது. வருஷம் முழுக்கக் கடல் காற்று அடித்தால்தான் மரம் அப்படி வளரும். மரத்துக்கே அந்தப் பாடு என்றால் அங்கே துணி காயப்போட முடியுமா, சோறு தட்டில் நிற்குமா. இரண்டாவது ஆற்றோரம். பச்சைப் பசேலென்று புல், வாத்து மேய்கிறது, படத்துக்கு நன்றாக இருக்கிறது. சுற்றிலும் காய்ந்து கிடக்க அந்த இடம் மட்டும் பச்சையாக இருந்தால் அடியில் தண்ணீர் நிற்கிறது. முதல் வருஷம் நம்ம கேம்பில் நானே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன், ஓடைப்பக்கம் புல் மெத்தென்று இருக்கிறதே என்று ஏழு டென்ட் போட்டு, ஒரே மழையில் ஏழும் மிதந்து, ஈரோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் என்னைப் பேசின பேச்சு இன்றைக்கும் காதில் இருக்கிறது. கொசுவும் சேரும், குழந்தையை வைத்துக்கொண்டு ஆற்றோரம் ஆகாது. மூன்றாவது, ஊருக்குக் கிழக்கே மலைமேல். அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. உயர உயரமாய் மரம், பனிமூட்டம், சரிவில் கேபின், நம்ம ஊரேதான். ஒரு மலையிலிருந்து இறங்கி, பிளேன் ஏறி, கடலைத் தாண்டி வந்து இன்னொரு மலையில் படுப்பதற்கு விசா எதற்கு. அதுவும் கேபின் கூரைக்கு நேர்மேலே கிளை நீட்டிக்கொண்டிருக்கிறது. நம்ம எஸ்டேட்டுகளில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிற சில்வர் ஓக் உங்கள் நாட்டிலிருந்து வந்த மரம்தான் என்று எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் சொல்வார். அது காற்றே இல்லாத நாளில்கூடக் கிளையைப் போட்டுவிடும், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதன் சொந்தபந்தமெல்லாம் அங்கே எப்படி இருக்குமோ, எனக்கு நம்பிக்கையில்லை.

நாலாவதுதான் நீ டிக் போட்டு அனுப்பினது. தெற்கே கடலோரம், புது இடம், காற்றுக்கு மறைவு, நல்ல மேடு, நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் கீழே நீ தமிழில் போட்டிருந்ததை நானே படித்தேன். இது உங்களுக்கு ஒத்து வரும்ப்பா, பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு கேபின், தனித்தனி சமையல் ரூம், உங்க அடுப்பு உங்களுக்கு, எங்க அடுப்பு எங்களுக்கு என்று எழுதியிருந்தாய். படித்ததும் சுருக்கென்றது கண்ணு. அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு முழுக்கக் கேம்பில் கண்ணில் பட்டவர்மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்லவில்லை, பெற்ற அப்பனையே குத்திக் காட்டுகிறாளே என்று. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நீ குத்திக் காட்டவில்லை. எனக்கு எது பிடிக்கும் என்று நான் உனக்குக் காட்டி வைத்தேனோ அதைத்தான் மெனக்கெட்டுத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாய். அது இன்னும் மோசமாக இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சேர்வராயன் திருவிழாவில் நடந்ததை நீயும் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை. இன்றைக்கு எடுக்கிறேன். மலைமேல் நம்ம வகையறா தங்குகிற பாறையடியில் ஒரே அடுப்புதான். மூன்று கல், பெரியப்பாதான் வைப்பார், நாற்பது பேர் ஆனாலும் அதில் ஆக்கினதைத்தான் எல்லோரும் சாப்பிடுவோம். ஒருத்தருக்குத் தனியாகக் கல் வைத்துக் கொடுத்தால் நீ எங்களோடு சேர்த்தி இல்லை என்று அர்த்தம். வாயைத் திறந்து யாரும் சொல்ல மாட்டார்கள், கல்லை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் இரண்டு பேரும் லீவில் வந்து, சேலத்தில் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டதும், நீ ரொனால்டை முதல் தடவையாக அங்கே கூட்டி வந்தாய். பத்தடி தள்ளி மூன்று கல்லை வைத்தது பெரியப்பா இல்லை, நான். உன் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கையால் வைத்தேன். உன் முகம் செத்துப் போனது. அவர் ஏற்காடு பஜாரில் வளர்ந்த பையன், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம், நம்ம வகையறாக் கல்லுக்கு அர்த்தம் அவருக்கு எப்படித் தெரியும். மாமா எங்களுக்குன்னு தனி அடுப்பே போட்டுக் குடுத்திருக்காருங்க என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சந்தோஷமாகச் சொன்னார், அந்த அடுப்பைப் போனில் படம்கூடப் பிடித்தார். எனக்குப் பிடிக்குமென்று நீ சொல்லியிருப்பாய், சாமைச் சோறு ஆக்கினார். கரண்ட் வேலை பார்க்கிற கை, சாமை எங்கே தெரியும், அடிபிடித்துவிட்டது. அந்த வாசனை என் மூக்குவரைக்கும் வந்தது. ஒரு தட்டில் போட்டு, மேலே மொச்சைக் குழம்பை ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார். எனக்கு வயிறு சரியில்லை என்று சொன்னேன். அவர் பதறிப்போய், ஐயையோ, ஓமத்தண்ணி வாங்கியாரட்டுங்களா மாமா என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் கீழே கடைப்பக்கம் இறங்கிவிட்டார். பத்து நிமிஷத்தில் நான் பெரிய அடுப்புப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதை அவர் பார்க்கவில்லை, நீ பார்த்தாய். நாலாம் நாள் பிளேன் ஏறிவிட்டீர்கள். அதற்கப்புறம் குழந்தை பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது எல்லாம் நாங்கள் போனில் பார்த்ததுதான்.

இந்த மே மாதத் திருவிழாவில் நடந்ததை உன் அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், அவள் அப்படிப்பட்டவள் இல்லை. பாறையடியில் சாமான் இறக்கினதும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்த மூன்று கல்லும் அங்கேயேதான் கிடந்தன, ஒரு கல்லில் உள்பக்கம் கரிகூட இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அதிலேயே பற்ற வைத்தாள். பெரியப்பா வந்து, ஏனம்மா குப்பாயி, இதென்ன புதுசா, அடுப்பு இங்க இருக்குதில்ல என்று கேட்டார். என்ற மவ எந்த அடுப்புல இருக்கறாளோ அதுலயே நானும் இருந்துக்கறனுங்க மாமா, நீங்க போயி உண்ணுங்க என்று நிமிராமலே சொன்னாள். நாற்பது பேர் காதிலும் அது விழுந்தது. எனக்கு மானமே போனதுபோல இருந்தது. பிடிவாதத்துக்கு நான் மட்டும் குறைச்சலா, பெரிய அடுப்பிலேயே அன்றைக்கு மூன்று வேளையும் சாப்பிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் திருவிழாவில் அவள் இல்லாத பந்தியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு அவள் அடுப்புக்கே போனேன். சாமைதான் ஆக்கியிருந்தாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏனுங்க, வயிறு சரியில்லீன்னீங்களே, இப்பச் சரியாப் போச்சுங்களா என்று கேட்டாள். மூன்று வருஷம் அதை மனதிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் பார். போச்சு என்றேன். எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க, அதையப் புள்ளகிட்டச் சொல்லுங்க, நொம்ப நாளாக் காத்துக்கிட்டிருக்கறா என்று சொல்லிவிட்டு ஒரு கரண்டி போட்டாள், ஒரே ஒரு கரண்டி. இரண்டாவது கேட்காமல் தட்டைக் கழுவி வைத்தேன். அன்றைக்கிருந்து இரண்டு மாதமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன், கேம்ப் ரிஜிஸ்டரில் பின்பக்கத் தாள் பாதி தீர்ந்துவிட்டது.

நான் செய்தது தப்பு சாமி. உன்மேல் கோபம் என்றுகூட இல்லை, பாறையடியில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்றுதான் கல்லை வைத்தேன். பெரியப்பாவே போன வாரம், நீ எதுக்குடா அன்னிக்கு அப்பிடிப் பண்ணுன, நான் ஒண்ணும் சொல்லலியே என்று கேட்கிறார். அவர் சொல்லாததை நானே அவருக்காக நினைத்துக்கொண்டேன். அதற்கு நீ மூன்று வருஷம் அழுதிருக்கிறாய், உன் அம்மா அழுதிருக்கிறாள், நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிற சாக்கில் போய் நின்றிருக்கிறேன்.

அதனால் நாலாவது இடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். ஐந்தாவதை எடு. சும்மா சேர்த்தேன், பழைய இடம், உங்களுக்கு ஒத்து வராது என்று கடைசியில் போட்டிருந்தாயே, அது. குளம் இல்லை, மெத்தை இல்லை, சின்ன இடம்தான். ஆனால் கடலுக்கும் இடத்துக்கும் நடுவில் ஆள் உயரத்துக்குப் புதர் அடர்த்தியாக இருக்கிறது, காற்றை அது வாங்கிக்கொள்ளும். வெளுத்த மணல், லேசான சரிவு, தண்ணீர் நிற்காது. தலைக்கு மேலே பெரிய மரம் எதுவும் இல்லை. கக்கூஸ் எழுபது எண்பது அடி தள்ளியிருக்கிறது, உன் அம்மாவிடம் கேட்டதற்கு, நான் என்ன நொண்டிங்களா என்று என்மேல் பாய்ந்தாள். நடுவில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் சமையல் மேடை, சுற்றிலும் பெஞ்சு. அங்கே தங்குகிற எல்லோருக்கும் அது ஒன்றுதானாம். இதை நந்தினி குறையாகச் சொன்னாள், எனக்கு அதுதான் வேண்டும். பக்கத்தில் வெள்ளைக்காரக் குடும்பம் வந்து அதே மேடையில் எதை வேண்டுமானாலும் பொரித்துக்கொள்ளட்டும், நாம் நம்முடையதை ஆக்கிக்கொள்வோம். இரண்டு கேபின் வேண்டாம், மூன்று கட்டில் போட்டது ஒன்று இருக்கிறதாம், அது போதும். என் குறட்டைக்குக் குழந்தை முழித்துக்கொண்டால் வெளியே டென்ட் அடித்துப் படுத்துக்கொள்கிறேன், எனக்கு டென்ட் புதுசா. புக் பண்ணும்போது ஒன்று கேட்டுக்கொள், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இடம் எடு. வாசல் காலை வெயிலைப் பார்த்து இருக்கட்டும், செப்டம்பரிலும் அங்கே குளிரும் என்றாய்.

சாமை அங்கே இந்தியக் கடையில் கிடைக்கிறது என்று நீ சொன்னதாக அம்மா சொன்னாள். ஒரு கிலோ வாங்கி வை, மொச்சையும் வாங்கு. நீயும் ஆக்க வேண்டாம், அம்மாவும் ஆக்க வேண்டாம். அவரையே ஆக்கச் சொல். அடிபிடித்தால் பிடிக்கட்டும், சுரண்டிச் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்காதே, உன் கன்னம் ஒட்டியிருப்பது வீடியோவிலேயே தெரிகிறது. கார் ஓட்டும்போது தூக்கம் கண்ணைச் சுழற்றினால் ஓரமாக நிறுத்திவிடு. குழந்தைக்குக் காது மூடுகிற தொப்பி போடு, உன் அம்மா இரண்டு பின்னி வைத்திருக்கிறாள், மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி ஷீனாவும் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் ஒரே பானைச் சோறு தின்று நன்றாக இருக்க வேண்டும். நம்ம சேர்வராயனும் மாப்பிள்ளை கும்பிடுகிற சாமியும் சேர்ந்து உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அந்தக் கல்லுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை நீ மாப்பிள்ளையிடம் சொல்லவில்லையாம், அந்த அடுப்புப் படத்தை அவர் இன்னும் போனில் வைத்திருக்கிறாராம், அம்மா சொன்னாள். இனியும் நீ சொல்லாதே. சோறு ஆனதும் முதல் கரண்டியை அவர் என் தட்டில் போடட்டும். அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, அன்றைக்கு என் வயிற்றுக்கு ஒன்றுமே இல்லை என்று நானே அவரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அப்பா,
ஐயாக்கண்ணு.